வாளியைத் தூக்கிப் பார்ப்பவள்

கூடப்பிறந்த அக்காவே தன் பூசணிக்காயைத் தூக்கித் தராசில் மாட்டினாள் என்பதைப் பள்ளிக்கூடச் சமையற்காரன் ‘பெரிய கரண்டி’யால் இத்தனை வருஷமாகியும் ஜீரணிக்க முடியவில்லை. வேற்று மனுஷி யாராவது செய்திருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பான். இவள் ஒரே வயிற்றில் பிறந்தவள். அவனைக் கைக்குழந்தையில் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியவள். அப்படிப்பட்டவள், அவன் இருட்டோடு எழுந்து, தோல் சீவி, விதை எடுத்து, வெங்காயம் சிவக்கும்வரை கிட்டேயே நின்று கிண்டி, பெற்ற பிள்ளையைத் தலை வாரி அனுப்புவதுபோல் அனுப்பிவைத்த பூசணிக்காயை எச்சில் வாளியில் பார்த்தாள். பார்த்ததோடு விட்டாளா? அந்த வாளியைக் கொக்கியில் மாட்டி, முள் ஆடி அடங்கும்வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்று, எழுதினாள்: ‘பூசணிக்காய். பாதிக்கு மேல் திரும்பி வந்தது.’

அவ்வளவுதான். ஒரு ஐயோ பாவம் கூடக் கிடையாது. அடுத்த மாதச் சாப்பாட்டுப் பட்டியலில் பூசணிக்காயைக் காணோம்.

“அக்கா, என் பூசணிக்காய் எங்க?”

“வாளில பாரு.”

“சின்னப் பசங்களுக்கு என்னக்கா தெரியும்? நல்லது கெட்டது தெரியாத வயசு.”

“அவங்கதான்டா சாப்பிடறாங்க.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் குனிந்த தலை நிமிராமல் சிரித்தார்கள். பாத்திரம் கழுவுகிறவள் நிமிர்ந்தே சிரித்தாள். அன்றைக்கு அவன் மனதில் விழுந்த முடிச்சு, அதற்கப்புறம் அவிழவே இல்லை.

பெரிய கரண்டி என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர். கைநிறைய அள்ளிப் போடுகிறவன் என்பதற்காக வைத்தார்களா, ஆளும் கரண்டியும் ஒரே வாட்டத்தில் இருப்பதற்காக வைத்தார்களா என்று அவன் விசாரிக்கவில்லை. அக்காவுக்கு அட்டவணையம்மா என்று பெயர். அந்தப் பள்ளிக்கூடத்தில் மதியம் எந்த நாளைக்கு என்ன சாப்பாடு என்று எழுதிச் சுவரில் ஒட்டுவதும், ஒட்டியபடி வெந்ததா, வெந்தது வயிற்றுக்குள் போனதா, போகாதது எவ்வளவு என்று பதிவேட்டில் ஏற்றுவதும் அவள் வேலை.

அவளும் இதே சமையலறையில் காய் நறுக்கத்தான் வந்தாள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதே என்று பழைய தலைமையாசிரியர் ஒருநாள் பட்டியலை எழுதச் சொன்னார். எழுதச் சொன்னவர் அதோடு நின்றுவிட்டார். இவள் நிற்கவில்லை. “இதைப் போட்டா பிள்ளைங்க சாப்பிடுவாங்களா?” என்று கேட்டாள். “எனக்கு எப்படியம்மா தெரியும்?” என்றார் அவர். மறுநாளே பழைய இரும்புக் கடையில் ஒரு தொங்கு தராசைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து, சமையலறை உத்தரத்தில் மாட்டிவிட்டாள். வகுப்புக்கு ஒரு வாளி வைத்தாள். வாளிக்கு ஒரு நிறம் அடித்தாள். தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுத்து அடுப்படியில் நிறுத்தியவளும் அவள்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முழுக்குப் போட்டவனை மறுபடி பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தேன் என்று சொந்தக்காரர்களிடம் பெருமை வேறு.

அவள் பட்டியல் போடுகிற விதத்தை அருகிருந்து பார்த்தால் தலை சுற்றும். சுவரில் மாட்டியிருக்கும் வகுப்பு நேர அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். விளையாட்டு வகுப்பு இருக்கிற நாளில் முட்டை. சாப்பாட்டுக்குப் பின்னால் பாட்டு வகுப்பு என்றால் உருளைக்கிழங்கு கூடாது, ஏப்பம் சுதியில் சேராது. கணக்குப் பரீட்சை அன்றைக்குப் பருப்பு எடுபடாது. இதை அவள் எங்கும் படிக்கவில்லை, வாளி சொன்னது. கணக்கு வாத்தியார் முன்னறிவிப்பு இல்லாமல் பரீட்சை வைக்கிறவர். அவரை வராந்தாவில் மடக்கிவிட்டாள்.

“சார், எப்போ பரீட்சைன்னு முன்கூட்டியே எனக்குச் சொல்லிடுங்க.”

“அதெப்படிம்மா? திடீர்னு வெச்சாதான் பரீட்சை.”

“நீங்க திடீர்னு வைக்கறீங்க, பருப்பு என் தலைல வந்து விடியுது.”

கடைசியில் அவர் இவள் காதில் மட்டும் சொல்ல ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் அதற்கும் மேலே. பருப்பு போட வேண்டிய நாளில் பருப்பு இல்லை என்றால் இன்றைக்குப் பரீட்சை என்று கண்டுபிடித்துப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். கணக்கு வாத்தியார் ஒரு மாதம் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

இரண்டாம் வகுப்பு வாளியில் மட்டும் கேரட் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. “ருசி தெரியாத ஜென்மங்க” என்றான் பெரிய கரண்டி. இவள் நேரே வகுப்புக்குப் போனாள். “எல்லாரும் ஈன்னு காட்டுங்க” என்றாள். காட்டினார்கள். பாதிப் பேருக்கு முன்பல் இல்லை. திரும்பி வந்து, ‘இரண்டாம் வகுப்புக்குக் கேரட்டைத் துருவிப் போடவும். பல் முளைத்ததும் நறுக்கலாம்’ என்று எழுதினாள். துருவித் துருவிப் பெரிய கரண்டியின் விரல் நகம் தேய்ந்தது.

வாளி கனத்தால் அந்தச் சாப்பாடு பட்டியலிலிருந்து போய்விடும் என்கிற சூட்சுமம் பிள்ளைகளுக்கு எட்ட வெகுநாள் ஆகவில்லை. ஒரு கீரை நாளில் மூன்றாம் வகுப்பு வாளியைத் தூக்கினால் தராசு முள் கடைசிவரை ஓடியது. கையை விட்டுத் துழாவினாள். கீரைக்கு அடியில் செங்கல். அவள் கத்தவில்லை. செங்கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, எடுத்துப் போய் அந்த வகுப்பு மேஜைமேல் வைத்தாள். “யாரோ மறந்து வெச்சுட்டாங்க. உங்க வீட்டுச் சொவத்துல ஓட்டை இருக்கப்போகுது, எடுத்துட்டுப் போங்க” என்றாள். கீரை பட்டியலில் அப்படியே நின்றது.

இவ்வளவு செய்கிறவள் தம்பியின் சமையலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதினாளா? அதுதான் இல்லை. அவன் ஒருநாள் கேட்டும்விட்டான்.

“மிச்சம், மிச்சம்னு எல்லாத்துக்கும் கட்டம் போட்டிருக்கியே. நல்லா இருந்துச்சுன்னு எழுத ஒரு கட்டம் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?”

“நல்லா இருந்தா வாளி காலியா வரும். காலி வாளில எழுத என்னடா இருக்கு?”

வீட்டிலும் அவள் ஆட்சிதான். அக்கா புருஷன், அதாவது அத்திம்பேர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விசிலை ஊதி ஊதியே பேச்சு தீர்ந்துபோன மாதிரி எப்போதும் மௌனம். அவர் வீட்டுச் சமையலறைச் சுவரிலும் வாரப் பட்டியல் ஒட்டியிருக்கும். பெரிய கரண்டி அவரை மாமா என்று கூப்பிடுவான். “என்ன மாமா சாப்பாடு இன்னிக்கு?” என்று கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார். கழுத்தைத் திருப்பிச் சுவரைக் காட்டுவார்.

எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மேலிடத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வரும்வரை. அக்கா ஓய்வு பெற வேண்டிய வருஷம் அது. தலைமையாசிரியர் சமையலறை வாசலில் நின்று படித்தார். சாப்பாடு அதிகமாக வீணாகிற பள்ளிக்கூடங்களில் சமையலறையை மூடிவிடலாம் என்று யோசனை. ஏதோ ஒரு கம்பெனி டப்பாவில் அடைத்து வண்டியில் அனுப்பும், பிள்ளைகள் டப்பாவைத் திறந்து தின்றுகொள்ள வேண்டியது. எல்லாப் பள்ளிப் பதிவேடுகளையும் பார்த்தாகிவிட்டது. வட்டாரத்திலேயே அதிகமாக வீணாவது இங்கேதான். நேரில் பார்க்க ஆபீசர் ஒருவர் வருகிறார்.

“நம்ம பள்ளிக்கூடமா? நம்மளுதா சார்?” என்றான் பெரிய கரண்டி. அவன் கையிலிருந்த கரண்டி பருப்புக்குள் நழுவிப் போய்விட்டது.

“காகிதத்துல அப்படித்தான் இருக்கு” என்றார் தலைமையாசிரியர்.

காகிதத்தில் அப்படி இருந்த காரணம் அவனுக்கு மறுநாள் காய்கறிச் சந்தையில் விளங்கியது. பக்கத்துப் பள்ளிச் சமையற்காரன் தக்காளியை அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனிடம் பெரிய கரண்டி புலம்பினான்.

“நீங்க மிச்சம் எழுதறீங்களா?” அவன் வாயைப் பிளந்தான். “நிஜமாவே தராசுல போட்டா? யோவ், உங்களுக்கு வேற வேலை இல்ல? நாங்க எழுதறது ஒரே வார்த்தை. ‘இல்லை’. தெனமும் எழுதக் கை வலிக்குதுன்னு ரப்பர் ஸ்டாம்பே செஞ்சு வெச்சுட்டோம்.”

“எல்லாரும் அப்படித்தானா?”

“ஒரு ஸ்கூல்ல பென்சில்ல எழுதுவாங்க. அவங்க கொஞ்சம் பயந்தவங்க.”

பெரிய கரண்டி தக்காளி வாங்காமலே திரும்பினான். சமையலறை போனால் அவன் போனான். காய் நறுக்கும் இரண்டு பேரும், பாத்திரம் கழுவுகிறவளும் போனார்கள். ஐம்பதை நெருங்குகிறவனை இனி எந்தக் கல்யாணச் சமையற்காரன் சேர்த்துக்கொள்வான்? அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனான். அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்த ஒரு வாரம் மட்டும் ‘இல்லை’ன்னு எழுதிடு.”

“இருக்கும்போது எப்படிடா இல்லைன்னு எழுதறது?”

“ஊரே எழுதுது! எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் தட்ட நக்கி வெச்ச மாதிரி எழுதியிருக்கு. நம்ம பிள்ளைங்க மட்டும்தான் சோத்தக் கொட்டற மாதிரி ஆகிப்போச்சு. நீ உண்மைய எழுதி எழுதியே என் அடுப்புல தண்ணிய ஊத்திட்ட.”

“பொய் எழுதினா அடுத்த மாசம் என்ன போடறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அடுப்பே போகப்போகுது, அடுத்த மாசமாம் அடுத்த மாசம்!”

“இல்லைன்னு எழுதினா உன் பூசணிக்காய் திரும்பி வந்துடும். பிள்ளைங்க பாவம்டா.”

பெரிய கரண்டி அத்திம்பேரைப் பார்த்தான். “நீங்களாவது சொல்லுங்க மாமா.”

அவர் வழக்கம்போல் சுவரைத்தான் பார்த்தார். பார்த்தபடியே, “நானே இந்த வீட்ல வெண்டைக்காய நிறுத்த அஞ்சு வருஷமா முயற்சி பண்றேன் மாப்ள” என்றார்.

அக்கா கழுவி வைத்த டம்ளரையே எடுத்து மறுபடி கழுவினாள். அவளுக்கும் உள்ளுக்குள் உதைக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? பேனா அவள் கையில் இருந்தது. சரி, பேனா உன் கையில், கரண்டி என் கையில் என்று அவன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

கணக்கு சுலபமானது. கம்மியாகச் சமைத்தால் கம்மியாகத்தானே மிஞ்சும்? மிஞ்சவே மிஞ்சாதபடி சமைத்துவிட்டால் அவளும் பொய் எழுத வேண்டாம், வாளியும் காலி, ஆபீசரும் சந்தோஷமாகப் போய்விடுவார். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு கணக்கு வருகிறதே என்று தன்மேல் அவனுக்கே ஒரு மதிப்பு வந்தது.

ஆபீசர் வருகிற அன்று காலையிலேயே தலைமையாசிரியர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பழைய பதிவேடுகளை அடுக்கச் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. அளந்து போட வேண்டிய அரிசியில் கணிசமான பகுதியை டிரம்மிலேயே விட்டான். பருப்பில் தாராளமாகத் தண்ணீர் விட்டான். தன் பெயருக்கே காரணமான கரண்டியை அடுப்புக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, வீட்டிலிருந்து ஊறுகாய்க் கரண்டிக்கு அண்ணன் மாதிரி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

“இது என்னண்ணே, மருந்து ஊத்தப் போறீங்களா?” என்றாள் பாத்திரம் கழுவுகிறவள்.

“வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு. உனக்கும் சேர்த்துத்தான் செய்யறேன்.”

ஆபீசர் வந்தார். ஒல்லியான மனுஷர். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வெறும் வயிற்றோடு வந்ததாகத் தலைமையாசிரியரிடம் சொன்னார். பரிமாறும் இடத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வரிசை நகர்ந்தது. ஒன்றாம் வகுப்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாம் வகுப்பு தட்டைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, போய்விட்டது. மூன்றாம் வகுப்பில் முணுமுணுப்புக் கிளம்பியது. நாலாம் வகுப்பு நடக்கும்போதே சோறு அடியில் போய்விட்டதைப் பார்த்து அவனுக்கு வியர்த்தது. பயத்தில் ரொம்பவே கம்மி பண்ணிவிட்டான் போலிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு அப்போதுதான் கைகழுவிக்கொண்டு வந்து நின்றது. பள்ளிக்கூடத்திலேயே வளர்ந்த பிள்ளைகள், வளர்ந்த பசி. முன்னால் நின்ற நெட்டைப் பெண் தட்டில் விழுந்ததைக் குனிந்து தேடினாள்.

“மாமா, இது எனக்கா, எங்க வீட்டு பொம்மைக்கா?”

“இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு” என்றான், உதடு அசையாமல்.

அவள் பின்னால் திரும்பி, வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: “டேய், இன்னிக்கு அட்ஜஸ்டாம்டா!”

“அட்ஜஸ்ட்னா என்ன குழம்பு?” என்று கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தக் கடைசிவரை அடுப்பிலிருந்து எதுவும் போகவில்லை. வரிசையின் பின்பாதிக்குப் பானையைச் சுரண்டிய சத்தம்தான் கிடைத்தது. ஆபீசரும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். “நானும் கொஞ்சம் ருசி பார்க்கலாமா?” என்றார். பெரிய கரண்டி பானையை அவருக்குத் தெரியாமல் உடம்பால் மறைத்தான். அவன் உடம்புக்கு அது முடியும். ஆனால் பானை காலி என்பதை எந்த உடம்பால் மறைப்பது?

வாளிகள் திரும்பின. பதிவேடுகளை அடுக்கி முடித்த அக்கா வந்து தராசடியில் நின்றாள். முதல் வாளியை மாட்டினாள். முள் வெறும் வாளி எடையைத் தாண்டவில்லை. இரண்டாவது, மூன்றாவது. வாளிகள் கழுவி வைத்தது மாதிரி இருந்தன. கீரை நாள் ஒன்றில் செங்கல்லைக் கண்டபோது கூட அவள் முகம் இப்படி ஆகவில்லை. வாளியை விட்டுவிட்டு வெளியே ஐந்தாம் வகுப்பைப் பார்த்தாள். சரக்கு அறைக்குப் போய் அரிசி டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து, தம்பி கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள். பதிவேட்டைப் பிரித்து எழுதினாள்:

‘இன்று மிச்சம் இல்லை. சமையற்காரர் குறைவாகச் சமைத்துவிட்டார். ஐந்தாம் வகுப்பு பசியோடு நிற்கிறது.’

எழுதி, மை காய ஊதி, ஆபீசர் கையில் கொடுத்தாள். தலைமையாசிரியர் பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஆபீசர் இரண்டு தரம் படித்தார். “அம்மா, இதை நீங்க எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“தெரிஞ்சிருக்காது சார். பிள்ளைங்களுக்குத் தெரியுமே.” பிறகு தம்பியிடம் திரும்பினாள். “அடுப்பப் பத்தவை.”

“அக்கா, மணி என்ன ஆச்சு, இப்பப் போய்…”

“பத்தவைடா!”

பத்தவைத்தான். மறுபடி சமையல். கணக்கு வகுப்பு போனதில் ஐந்தாம் வகுப்புக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பானையைச் சுற்றி நின்று கொதிக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டார்கள். முதல் தடவை கம்மியாகப் போட்டு மாட்டிக்கொண்டவன், இந்தத் தடவை அளவே பார்க்காமல் டிரம்மைக் கவிழ்த்தான். ஒரு வகுப்புக்குச் சமைக்கச் சொன்னால் ஊருக்கே சமைத்துவிட்டான். பிள்ளைகள் வயிறு முட்டத் தின்றார்கள். ஆபீசரும் தரையில் அவர்களோடு வரிசையாக உட்கார்ந்து தின்றார், நெட்டைப் பெண் அவருக்கு இரண்டாம் தரம் வாங்கிவந்து கொடுத்தாள். இருந்தும் வாளி ததும்பி வந்தது. அதையும் அக்கா விடவில்லை. ஆபீசர் கண் முன்னாலேயே கொக்கியில் மாட்டினாள். முள் எங்கேயோ போய் நின்றது. அந்த வருஷத்திலேயே அவ்வளவு கனமான வாளி வந்ததில்லை. அதையும் எழுதினாள்.

“முடிஞ்சுது” என்று முனகினான் பெரிய கரண்டி. பாத்திரம் கழுவுகிறவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆபீசர் கைகழுவிவிட்டு வந்து தன் படிவத்தை விரித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

“ஒரே நாள்ல ஒண்ணுமே மிஞ்சலைன்னும் பார்த்தேன், மலை மாதிரி மிஞ்சினதையும் பார்த்தேன். இதுல நான் எதம்மா எழுதறது?”

“ரெண்டும் நடந்துச்சு சார், ரெண்டையும் எழுதுங்க” என்றாள் அக்கா.

“கட்டம் ஒண்ணுதான் இருக்கு.”

“அது யார் போட்ட கட்டம்?”

“எனக்கு மேல இருக்கறவர் போட்டது.” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “ஆய்வுக்கு வந்தவர் பிள்ளைகளுடன் உணவருந்தினார். அவர் தட்டில் மிச்சம் இல்லை. இங்கே எடை பார்த்து எழுதுகிறார்கள். இந்த வருஷம் சமையலறை தொடரலாம்.” கையெழுத்துப் போட்டார். “அடுத்த வருஷம் வேற ஆள் வருவார். அவர் எப்படியோ, எனக்குத் தெரியாது.”

மேலிடம் அதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், வட்டாரத்தில் எல்லாப் பள்ளிகளும் இனி தராசு வைத்து எடை போட வேண்டும் என்று இன்னொரு சுற்றறிக்கையும் விட்டது. அதற்கப்புறம் பெரிய கரண்டியால் காய்கறிச் சந்தைக்குள் நிம்மதியாகப் போய்வர முடியவில்லை. ரப்பர் ஸ்டாம்ப்காரன் அவனைக் கண்டால் அழுகல் தக்காளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அடுப்பு பிழைத்தது. ஆனால் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் இரண்டு பேரும் நாளெல்லாம் நின்றார்கள். இருந்தும் எல்லாம் பாத்திரம் கழுவுகிறவள் வழியாகத்தான்.

“நாளைக்கு முட்டைன்னு அவர்கிட்ட சொல்லும்மா.”

“அண்ணே, நாளைக்கு முட்டையாம்.”

“எனக்கும் காது இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லு.”

“அக்கா, அவருக்குக் காது இருக்காம்.”

“எத்தனை தட்டுக்குப் போடணும்னு அந்தக் காதுல நல்லா விழட்டும்னு சொல்லு.”

கடைசிக் கடைசியாக, “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடி ஓடி என் பாத்திரமெல்லாம் காய்ஞ்சுபோகுது, இதுக்குத் தனியாச் சம்பளம் குடுங்க” என்று அவளே கையை உதறினாள். அக்கா அதற்கும் மசியவில்லை. மாதப் பட்டியல் வந்தது, வாளி எடை ஏறியது, பேச்சு மட்டும் இல்லை. வீட்டுக்குப் போனாலும் அத்திம்பேரோடு சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவான். “அவ என்கிட்ட பேசாம இருந்தப்போ ஒரு மழைக்காலமே போச்சு மாப்ள. ரொம்ப அமைதியா இருந்துச்சு” என்றார் அவர், ஆறுதலாக.

அவள் ஓய்வு பெறுகிற நாளும் வந்தது. மகள் இருக்கிற ஊருக்கு அத்திம்பேரோடு போய்விடுவதாக முடிவாகியிருந்தது. ஆசிரியர்கள் ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். கணக்கு வாத்தியார் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று எழுந்து நிறையப் பேசினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். தராசின் கொக்கியைத் துணியால் துடைத்தாள். அடுத்த மாதப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“டேய், இங்க வா.”

பெரிய கரண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். “யாரு, என்னையா?”

“ஆமாண்ணே, உங்களத்தானாம்” என்றாள் பாத்திரம் கழுவுகிறவள், பழக்க தோஷத்தில்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“ஒண்ணு கேக்கறேன், செய்வியா?”

“சொல்லு.”

“வாரத்துல ஒரு நாள் நீ பரிமாறாத. கரண்டிய இவங்க யார் கைலயாவது குடுத்துட்டு, நீயும் ஒரு தட்ட எடுத்துக்கிட்டு அஞ்சாங்கிளாசுக்குப் பின்னாடி போய் நில்லு. கடைசி ஆளா. உனக்கு என்ன வருதோ அதச் சாப்பிடு.”

“நான் சமைச்சத நானே வரிசைல நின்னு வாங்கணுமா? இந்த உடம்ப வெச்சுக்கிட்டா? பிள்ளைங்க சிரிக்கும்க்கா.”

“சிரிக்கட்டும்.”

“சரி, என்கிட்ட வர்றதுக்குள்ள தீர்ந்துபோச்சுன்னா?”

“அதுக்குத்தான்டா நிக்கச் சொல்றேன்.”